பணிவே ஞான வாயில்

சொல்வன்மை மெய்யறிவுக்கு வழியாகுமா, தடையாகுமா? இவ்வினாவுக்குப் புனித அகுஸ்தினாரின் வாழ்வு விடை பகர்கின்றது.

கி.பி. 354இல் வட ஆப்பிரிக்காவின் தகாஸ்தே நகரில் பிறந்து, மிலான் நகரில் சொற்கலை ஆசிரியராகத் திகழ்ந்தவர் அவர். இளமையில் சிசரோவின் நடையழகில் தோய்ந்தவருக்கு விவிலியத்தின் எளிய நடை சுவைக்கவில்லை. குனிந்து புகவேண்டிய அவ்வாயிலில் தம் கழுத்து வளையவில்லை என்று அவரே பின்னர் ஒப்புக்கொண்டார்.

386இல் மிலான் தோட்டமொன்றில் கண்ணீர் பெருக்கி மனந்திரும்பினார். மறு ஆண்டு ஆயர் அம்புரோசிடம் திருமுழுக்குப் பெற்றார். முன்பு வறிதெனத் தோன்றிய நூலே ஞான ஊற்றாயிற்று. நூல் அதுவே; நெஞ்சம் வேறாயிற்று.

ஆயராகிப் புகழ் எய்திய பின்னும் அவ்வருத்தம் ஓயவில்லை. 430இல், இறுதி நோயில், மனவருத்தத் திருப்பாடல்களைச் சுவரில் பதிக்கச் செய்து, படுத்தவாறே படித்து அழுதார்.

பிழை உணரும் நெஞ்சில்தான் கவிஞர் சொல்லும் உயிர் பெறும்.