கோப்பு எங்கே இருக்கிறது?

எங்கள் குடும்பங்களைப் பற்றி அரசாங்கத்திடம் ஒரு கோப்பு இருக்கிறது. அகதி விண்ணப்பத்தில் சொன்ன வாக்குமூலம், ஊரிலே இருக்கும் சகோதரங்களின் பெயர், விலாசம் எல்லாம் அதற்குள்தான். அன்று அது இரும்பு அலுமாரிக்குள் இருந்தது. இன்று கணினியில். 2020இல் கொரோனா வந்த பிறகு பல அரசாங்க உத்தியோகத்தர்கள் வீட்டிலிருந்தும் வேலை செய்கிறார்கள். "தம்பி, அப்ப எங்கட கதை ஆற்றை வீட்டு மேசையில கிடக்குது?" என்று ஒரு அம்மா தொலைபேசியில் கேட்டார். நியாயமான கேள்வி.

அமெரிக்காவில் நடந்ததைச் சொல்கிறேன். 2006 மே 3ஆம் திகதி, மேரிலாண்ட் மாநிலத்தில், முன்னாள் படைவீரர் திணைக்கள ஊழியர் ஒருவரின் வீட்டை உடைத்து, மடிக்கணினியையும் ஒரு ஹார்ட் டிஸ்க்கையும் திருடிவிட்டார்கள். வேலைக்காக அவர் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்த விபரங்கள் அதற்குள் இருந்தன. சுமார் 2 கோடியே 65 லட்சம் பேரின் பெயர், பிறந்த திகதி, சமூகப் பாதுகாப்பு இலக்கம். எதுவும் குறியீடாக மாற்றிப் பூட்டப்படவில்லை, திறந்தால் வாசிக்கலாம். ஜூன் கடைசியில் கணினி கிடைத்தது. யாரும் விபரங்களைத் திறந்த அடையாளம் இல்லை என்றார்கள். ஆனாலும் வழக்கு 2009இல் 2 கோடி டொலரோடுதான் முடிந்தது. கணக்காளன் அல்லவா, என் கண்ணில் முதலில் பட்டது அந்தத் தொகை.

கணினி கிடைப்பதற்கு முன்பே, ஜூன் 23ஆம் திகதி, வெள்ளை மாளிகையின் வரவுசெலவு அலுவலகம் எல்லாத் திணைக்களங்களுக்கும் அறிவுறுத்தல் அனுப்பியது. மடிக்கணினியில் உள்ள முக்கிய விபரம் குறியீடாக இருக்கவேண்டும். வெளியிலிருந்து உள்ளே வர கடவுச்சொல் மட்டும் போதாது. கணினியோடு சேராத வேறொரு கருவியும் அவரை உறுதிப்படுத்த வேண்டும். 30 நிமிடம் தொடாமல் விட்டால் மறுபடி அடையாளம் காட்டவேண்டும். பிரித்தெடுத்த விபரங்களைப் பதிவு செய்து, தேவை தொடராவிட்டால் 90 நாளுக்குள் அழிக்கவேண்டும்.

இன்றைக்கு நல்ல ஏற்பாட்டில் கோப்பு வீட்டுக்கு வருவதே இல்லை. அது அலுவலகக் கணினியிலேயே இருக்கும். உத்தியோகத்தர் பூட்டிய இணைப்பு வழியாக அங்கே போய் வேலை செய்வார். திரையில் தெரிவது படம் மாதிரித்தான். கணினி களவு போனாலும் கோப்பு போகாது.

ஆனால் கருவி கொடுத்தால் மட்டும் போதாது. 2010இல் அமெரிக்கா கொண்டுவந்த சட்டம், வீட்டிலிருந்து வேலை செய்ய ஒப்பந்தம் எழுதுமுன்னரே ஊழியருக்குப் பயிற்சி முடிந்திருக்கவேண்டும் என்கிறது. அவருடைய மேலாளருக்கும் பயிற்சி உண்டு. அது சரியான ஒழுங்கு என்பது என் எண்ணம். நானும் ஒருகாலம் வாடிக்கையாளரின் கணக்குப் புத்தகங்களைக் காரின் பின்பெட்டியில் போட்டுக்கொண்டு திரிந்தவன்தான். யாரும் சொல்லித்தரவில்லை.

இப்போது எங்கள் பிள்ளைகளே அரசாங்க வேலையில் இருக்கிறார்கள். மருமகள் கூட்டத்தில் இருக்கும்போது நாங்கள் தேத்தண்ணியோடு பின்னால் போய் நிற்கிறோம். பேரன் அந்தக் கணினியில் விளையாடக் கேட்கிறான். கொடுக்கக்கூடாது. திரையில் இருப்பது இன்னொரு குடும்பத்தின் கோப்பு.

இன்னொன்று. கணினி தொலைந்தால் பயந்து மறைக்காமல் அன்றே அலுவலகத்துக்குச் சொல்லச் சொல்லுங்கள். அமெரிக்காவில் அந்தத் திருட்டு திணைக்களத் தலைவரின் காதுக்கு எட்டியது மே 16ஆம் திகதி. மக்களுக்குச் சொன்னது 22ஆம் திகதி.