படுக்கையில் இருப்பவருக்கும் வாக்கு உண்டு

(பொன்விழா ஆண்டுக் குடும்ப தினத்தில், நோயாளி நலம் விசாரிப்புக் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)





நோயுற்றவரைப் போய்ப் பார்ப்பது நம்மீது அவருக்குள்ள உரிமை என்று மதரஸாவிலேயே நமக்குச் சொல்லித் தந்தார்கள். அதற்காகத்தான் எங்கள் குழு ஞாயிற்றுக்கிழமைகளில் மருத்துவமனைக்கும் தாதிமை இல்லத்துக்கும் வீடுகளுக்கும் போகிறது. பழம் வாங்கிப் போகிறோம். துஆ செய்கிறோம். உதவித்தொகைப் படிவம் நிரப்பித் தருகிறோம். ஆனால் ஒரு விஷயத்தை மட்டும் கேட்காமலே இருந்துவிட்டோம்.

2020 ஜூலை 10 பொதுத் தேர்தலன்று நம் பெரியவர் ஒருவர் இடுப்பெலும்பு முறிந்து மருத்துவமனையில் இருந்தார். வீடு திரும்பிய பிறகு பலமுறை போய்ப் பார்த்தோம். தேர்தலைப் பற்றி அவரும் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

2023 செப்டம்பர் 1 அதிபர் தேர்தல், வெள்ளிக்கிழமை. வாக்கு அட்டை வராதது தபால் தவறாக இருக்கும் என்று எண்ணிய அவர், ஜும்ஆவுக்கு உடுத்திய உடையோடு கைத்தடி ஊன்றி வாக்களிப்பு நிலையத்துக்குப் போனார். பதிவேட்டில் பெயர் இல்லை. அதிகாரிகள் பணிவாகத்தான் சொன்னார்கள். அன்று மாலை எங்களிடம் அவர் கேட்டது இதுதான்: "1963-ல முதல் ஓட்டுப் போட்டவன் தம்பி நான். மையத்தாகிறதுக்கு முந்தியே என் பேரை எடுத்துட்டாங்களா?"

எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. ஏனென்றால் தவறு எங்களுடையது.

அமெரிக்காவில் பல மாநிலங்களில் மக்கள் தாங்களாகவே பதிந்துகொண்டால்தான் வாக்களிக்க முடியும். அதனால் அங்கே சில மருத்துவமனைகளில் நோயாளிகள் பதிந்துகொள்ள மருத்துவர்களே உதவுகிறார்கள். சிங்கப்பூரில் அந்தச் சிரமம் இல்லை. 21 வயதான குடிமக்களின் பெயர் தானாகவே பதிவேட்டில் சேர்ந்துவிடும். ஆனால் 1959 முதல் இங்கே வாக்களிப்பது கட்டாயம். வாக்களிக்காதவர் பெயர் தேர்தலுக்குப் பின் நீக்கப்படும். நோயால் போக முடியாதவரும் தம் காரணத்தைச் சொல்லி விண்ணப்பித்தால்தான் பெயர் திரும்பச் சேரும்.

விண்ணப்பிப்பது எளிது. தேர்தல்துறை இணையத்தளத்தில் சிங்பாஸ் மூலம் செய்யலாம். சமூக மன்றத்துக்கும் போகலாம். தகுந்த காரணம் இல்லாதவருக்கு 50 வெள்ளி கட்டணம். நோயும் பிரசவமும் தகுந்த காரணங்கள். அவர்களுக்குக் கட்டணம் இல்லை. ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது: தேர்தல் ஆணை பிறப்பிக்கப்பட்டுவிட்டால் பெயரைச் சேர்க்க முடியாது. தேர்தல் பேச்சு எழுந்த பிறகு ஓடுவதில் பயனில்லை. இப்போதே பார்த்துவிட வேண்டும்.

தாதிமை இல்லங்களில் இருப்போருக்காகவும் ஒரு முயற்சி நடந்தது. 2023-இல் சட்டம் திருத்தப்பட்டு, 30-க்கும் மேற்பட்ட இல்லங்களில் அங்கேயே வாக்களிக்க முன்னோடித் திட்டம் நடந்தது. நடக்க முடியாதவரின் படுக்கைக்கே அதிகாரிகள் வாக்குப் பெட்டியைக் கொண்டுவந்தார்கள். 

அந்தப் பெரியவருக்கு எங்கள் குழுத் தம்பி ஒருவர் கைபேசியிலேயே விண்ணப்பித்துக் கொடுத்தார். சில நிமிட வேலைதான். 2025 மே 3 பொதுத் தேர்தலில் அவர் சக்கர நாற்காலியில் போனார். கூடவே உள்ளே போகப் பார்த்த மகனை அதிகாரி நிறுத்தினார். வாக்குச்சீட்டில் குறியிட உதவி தேவைப்பட்டால் தேர்தல் அதிகாரி மட்டுமே உதவலாம். பெற்ற பிள்ளைக்கும் அனுமதியில்லை. வெளியே வந்த பெரியவர் சிரித்தார்: "யாருக்குப் போட்டேன்னு இவனுக்கும் சொல்ல மாட்டேன்."

அது அவர் உரிமை. நாங்களும் கேட்கவில்லை. யாருக்கு வாக்களிப்பது என்பது இந்தச் சங்கத்தின் வேலையன்று. வாக்களிக்க விரும்பும் நம் பெரியவர் பெயர் விடுபடாமல் பார்ப்பதுதான் நம் வேலை.

2025 தேர்தலன்று உங்கள் வீட்டில் யாரேனும் நோயுற்றிருந்தார்களா? டயாலிசிஸ் முடிந்த களைப்பில் போகாமல் இருந்தவர், பிள்ளை பெற்ற மகள், யாராக இருந்தாலும் இன்றிரவே பதிவேட்டைப் பாருங்கள். கைபேசி தெரியாத பெரியவர்கள் எங்களைக் கூப்பிடுங்கள், வீட்டுக்கே வருகிறோம். இனி நலம் விசாரிக்கப் போகும் இடமெல்லாம், மருந்து சாப்பிட்டீர்களா என்று கேட்கும்போதே இதையும் கேட்போம், இன்ஷா அல்லாஹ்.

நோயுற்ற அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தருவானாக. ஆமீன்.