கப்பல் சர்க்காருடையது, காயம் யாருடையது?

(வில்லியனூர், பாகூர் கொம்யூன் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

தோழர்களே!

ஆலைத் தொழிலாளிக்கும் வயல் கூலிக்கும் கப்பலோடு என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். கையொடிந்தவன் நஷ்டஈடு கேட்டுப் போனால், மேஸ்திரியைக் கேள் என்கிறார் முதலாளி. முதலாளியைக் கேள் என்கிறார் மேஸ்திரி. இந்தப் பித்தலாட்டம் கடலிலும் நடந்தது.

இரண்டாம் உலக யுத்தத்தில் அமெரிக்க சர்க்கார் தன் கப்பல்களைத் தனியார் கம்பெனிகளைக் கொண்டு நடத்தியது. அடிபட்ட மாலுமி கம்பெனி மீதே வழக்குப் போடலாம் என்று 1946ல் ஹஸ்ட் வழக்கில் அந்நாட்டு சுப்ரீம் கோர்ட் கூறிற்று. மாலுமிகள் நம்பிப் போட்டார்கள். 1949ல் மக்காலிஸ்டர் வழக்கில் அதே கோர்ட், கம்பெனி வெறும் ஏஜெண்டு, எஜமான் சர்க்காரே என்று மாற்றிச் சொல்லிற்று. சர்க்கார் மீது வழக்குப் போட இரண்டாண்டுதான் கெடு. பலருக்கு அது கடந்துவிட்டிருந்தது! 1950 டிசம்பரில் தனிச் சட்டம் போட்டு அவர்களுக்கு மேலும் ஓராண்டு கொடுக்க வேண்டியதாயிற்று.

நம் நாட்டுக் கதை என்ன? கல்கத்தா கிடர்பூர் கப்பல் பட்டறை அருகே சர்க்கார் ஆட்கள் சுமந்து வந்த இரும்பைக் கீழே போட்டார்கள். சத்தத்தில் மிரண்டு, பி. அண்ட் ஓ. கப்பல் கம்பெனியின் வண்டிக் குதிரை காயம்பட்டது. இத்தகைய தொழிலில் சர்க்காரும் தனியாரைப் போலப் பொறுப்பாளியே என்று 1861ல் தீர்ப்பாயிற்று. கம்பெனியின் குதிரைக்கு நியாயம் கிடைத்தது!

தொழிலாளிக்கோ 1923 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வாண்டு பிரிட்டிஷ் இந்தியாவில் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. மாலுமிக்கும் அதில் இடம் உண்டு. சர்க்கார் இலாகாவின் வேலையையும் அது தொழிலாகவே கருதியது. தன் தொழிலுக்குரிய வேலையை ஒப்பந்தக்காரர் மூலம் செய்வித்தாலும் மூல முதலாளியே கொடுக்க வேண்டும், பிறகு ஒப்பந்தக்காரரிடம் அவர் வசூலித்துக் கொள்ளட்டும் என்றது அதன் 12வது பிரிவு. உரிமையை விட்டுக்கொடுத்துப் போட்ட ஒப்பந்தம் செல்லாது என்றது 17வது பிரிவு.

பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுச்சேரிக்கு அன்று அச்சட்டம் எட்டவில்லை. இங்கே 1936 ஜூலை 30ல் ஆலைத் தோழர்கள் 12 பேர் சுடப்பட்டு மாண்ட பிறகே, 1937ல் எட்டு மணி நேர வேலைச் சட்டம் வந்தது.

2025 நவம்பர் 21 முதல் 1923 சட்டத்தின் இடத்தில் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு நிற்கிறது. பெயர் மாறலாம், கைவிரிக்கும் புத்தி மாறாது. ஆகவே, காயம்பட்ட அன்றே சங்கத்திடம் சொல்லுங்கள். சாட்சிகளின் பெயரையும் சம்பளச் சீட்டையும் பத்திரப்படுத்துங்கள். மேஸ்திரி, கம்பெனி, சர்க்கார், யார் பெயரையும் மனுவில் விடாதீர்கள். கெடுவைத் தவறவிடாதீர்கள்.

ஒரு கதவைத் தட்டினால் மறு கதவைக் காட்டுவார்கள். எல்லாக் கதவுகளையும் ஒரே நாளில், ஒன்றாகச் சேர்ந்து தட்டுவோம்!