வெடித்த பலகை



பத்தாண்டு நிறைவு விழாவில் கவிதையைப் பற்றிப் பேசப் பலர் உளர். ஆதலின் இவ்வுரை ஒரு தச்சரைப் பற்றியது. கவிஞர்க்குத் தச்சர் அயலார் அல்லர். யாப்பு என்ற சொல்லே கட்டுதலைக் குறிப்பது. துளைக்குள் கழுந்து இறங்கி இறுகுவதும் சீரோடு சீர் தளை கொள்வதும் ஒரு குடும்பத்துத் தொழில்களே.

விருத்தாசலம் பீங்கான் நகர். மண்ணைப் பிசைந்து, அச்சில் வார்த்து, உலர்த்திச் சூளையில் ஏற்றி, அதன்பின் தீயின் தீர்ப்புக்குக் காத்திருப்பது இவ்வூர்த் தொழிலாளர் நன்கறிந்த நிலை. வெடித்து வந்த பொம்மைக்கு மறுவாழ்வு இல்லை. சூளைக்குப் பின்புறத்துக் குவியலே அதன் இடம். மரத்தின் வழக்கு வேறு. வெடித்த பலகையை வைத்துக்கொண்டு என்ன செய்யலாம் என்று கேட்ட ஒருவர் இருந்தார். ஊக்கம் முழுவதும் வற்றிய பின்னரே அவர் மரத்திடம் வந்தார். வந்த பின்னரும் ஒருமுறை தடுக்கப்பட்டார். அவர் வாழ்வில் ஒரு திருப்பம் இங்கிருந்து நூறு கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவிலுள்ள புதுச்சேரியில் நிகழ்ந்தது என்பதே அவரை இந்த மேடைக்கு அழைத்து வருகிறது.

அவர் ஜார்ஜ் நகாஷிமா. ஜப்பானியப் பெற்றோர்க்கு 1905ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஸ்போக்கேன் நகரில் பிறந்தவர். முதலில் காட்டியல் பயின்று, பின் கட்டடக் கலைக்கு மாறினார். புகழ்பெற்ற மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் மேற்பட்டம் பெற்றார். பொருளாதார மந்தத்தின் நாள்களில் வேலை இழந்தபோது, காரை விற்று உலகைச் சுற்றுவதற்குக் கப்பல் சீட்டு வாங்கியவர். பாரிசில் சிறிது காலம் தங்கி ஜப்பான் சென்று, டோக்கியோவில் அந்தோனின் ரேமண்ட் என்னும் கட்டடக் கலைஞரின் அலுவலகத்தில் சேர்ந்தார்.

அந்த அலுவலகத்துக்குப் புதுச்சேரி ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்திலிருந்து ஒரு பணி வந்தது. சாதகர்கள் தங்குவதற்கு ஒரு விடுதி கட்ட வேண்டும். ஐதராபாத் அரசின் சார்பில் சர் அக்பர் ஐதரி வழியாக வந்த நன்கொடையை முன்னிட்டு அக்கட்டடத்துக்குக் கோல்கொண்டா என்று பெயரிட்டனர். நகாஷிமா அதன் பணியைக் கவனிக்கப் புதுச்சேரி வந்தார். வந்தவர் ஆசிரமத்தவராகவே ஆனார். சுந்தரானந்தர் என்ற பெயர் அங்கே அவருக்குக் கிடைத்தது. அழகில் இன்பம் காண்பவர் என்பது பொருள்.

கோல்கொண்டா கட்டப்பட்ட முறையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் விட்டுவிட்டு மாதம் ஒருமுறை வந்து பார்க்கும் வேலையாக அது நடக்கவில்லை. ஆசிரமத்தவரே கம்பி வளைத்தனர், காங்கிரீட் கலந்தனர். பழைய பித்தளைப் பாத்திரங்களை உருக்கிக் கதவுக்கும் சாளரத்துக்கும் வேண்டிய பிடிகளை வார்த்தனர். அறைகளுக்குத் தேக்கில் நகரும் கதவுகள் அமைந்தன. அறைகளுக்கு வேண்டிய மரச்சாமான்களையும் நகாஷிமா அங்கே வடிவமைத்தார். வரைந்தவரும் செய்தவரும் ஒரே களத்தில் நின்ற வேலை அது. அவசரம் இல்லை. அதைக் கண்ட கண்ணுக்குப் பின்னர் வேறெதுவும் எளிதில் நிறைவு தரவில்லை.

அதுவே அவருடைய சோர்வுக்கு வித்தாயிற்று என்று கொள்ளலாம். 1939இல் புதுச்சேரியை விட்டு ஜப்பான் வழியாக அமெரிக்கா திரும்பியவர், மேற்குக் கரையில் அக்காலத்துப் புதிய கட்டடங்களைப் பார்த்து வரப் புறப்பட்டார். பிராங்க் லாயிட் ரைட் போன்ற பெரியோர் வரைந்தவையும் அவற்றுள் இருந்தன. வரைபடத்தில் இருந்த மேன்மை கட்டுமானத்தில் இல்லை. பலகை பொருந்தவில்லை; வேலை நேர்மையாக இல்லை. கற்ற கலையில் நம்பிக்கை தளர்ந்தது. முப்பத்தைந்து வயதில், உயர்ந்த பட்டத்தோடும் உலகம் சுற்றிய அனுபவத்தோடும், தொழிலைக் கைவிட்டார்.

எழுதுவோர் பலருக்கும் இந்த நிலை தெரிந்ததே. எழுதுகோல் கனக்கும், பிறர் எழுதியதும் சுவைக்காது. அப்போது பெரிய திட்டங்கள் தீட்டுவதும் புதிய இதழ் தொடங்குவதும் வழக்கம். நகாஷிமா செய்தது வேறு. தொடக்கத்திலிருந்து முடிவு வரை இரண்டு கைகளுக்குள் அடங்கும் வேலை எது என்று தேடினார். மாளிகை அடங்காது, நாற்காலி அடங்கும். 1941இல் சியாட்டில் நகரில், கிறித்தவத் துறவியர் நடத்திய சிறுவர் மன்றம் ஒன்றின் அடித்தளத்தில் இடம் பெற்றார். வாடகைக்கு ஈடாகச் சிறுவர்களுக்கு மரவேலை கற்பித்தார்.

அப்பட்டறை ஓராண்டும் முழுதாக நிலைக்கவில்லை. 1942 பிப்ரவரி 19ஆம் நாள் அதிபர் ரூஸ்வெல்ட் ஓர் ஆணையில் கையெழுத்திட்டார். ஏறத்தாழ ஒரு லட்சத்து இருபதாயிரம் ஜப்பானிய வழியினர் வீடு வாசலை விட்டு முகாம்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அவருள் பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்கள். நகாஷிமாவும், அவருடைய மனைவி மரியனும், கைக்குழந்தையான மகள் மீராவும் ஐடஹோ மாநிலத்து மினிடோக்கா முகாமுக்குச் சென்றனர். வறண்ட நிலம், புழுதிக் காற்று, வரிசை வரிசையாகக் கொட்டகைகள்.

அங்கே கெந்தாரோ ஹிகோகாவா என்ற தச்சர் ஒருவரும் அடைபட்டிருந்தார். ஜப்பானின் மரபு வழியில் தொழில் கற்றவர். நகாஷிமா அவரிடம் மாணவராக அமர்ந்தார். வயது முப்பத்தேழு.   இவ்வூர்த் தச்சர் இழைப்புளியைத் தள்ளி இழைப்பர். ஜப்பானியத் தச்சர் வாளையும் இழைப்புளியையும் தம்மை நோக்கி இழுப்பர். பழகிய கைக்கு இது சிறு வேறுபாடு அன்று. உடம்பே புதிதாகப் பழக வேண்டும். நல்ல மரம் அங்கே ஏது? கொட்டகை கட்டி எஞ்சிய துண்டுப் பலகைகளும், பாலையில் வளர்ந்த முறுக்கேறிய புதர்க் கட்டைகளுமே கிடைத்தன. அவற்றைக் கொண்டு குடியிருக்கத் தகாத அறைகளைச் சற்றேனும் குடியிருப்பாக்கும் வேலை நடந்தது.

முகாமே அவரை உருவாக்கிற்று என்று இதனைச் சிலர் அழகாகச் சொல்லிவிடுவர். அது பொருந்தாது. துன்பத்தைப் பல்கலைக்கழகமாகக் காட்டுவது துன்பம் செய்தவர்க்குத் தரும் நற்சான்றாக முடியும். நகாஷிமா பிற்காலத்தில் தம் நூலில் அச்செயலைக் கடுமையாகவே கண்டித்தார். 1988இல் அமெரிக்க அரசும் சட்டம் இயற்றி மன்னிப்புக் கேட்டது. முகாம் எதையும் கற்பிக்கவில்லை, கற்பித்தவர் ஹிகோகாவா. கம்பி வேலிக்குள்ளும் தொழிலின் ஒழுங்கைக் கைவிடாத ஒரு மனிதர் அருகில் இருந்தார் என்பதே செய்தி. அவர் பெயரை இன்று மிகச் சிலரே அறிவர்.

1943இல் பழைய தலைவர் ரேமண்ட் பொறுப்பேற்றதால் விடுதலை கிட்டியது. பென்சில்வேனியாவின் நியூ ஹோப் பகுதியில் ரேமண்டின் பண்ணையில் கோழி வளர்க்கும் வேலை. அதன்பின் அப்பகுதியிலேயே நிலம் பெற்றுப் பட்டறை அமைத்தார்.

கையில் பணம் இல்லை. முதல்தர மரம் வாங்க வழியில்லை. மரக்கடைகளில் எவரும் கேட்காத பலகைகளை வாங்கினார். கணு உள்ளவை, வெடித்தவை, ஓரம் கோணியவை. இங்கேதான் அவர் தொழில் தனிவடிவம் பெற்றது. வெடிப்பை மெழுகாலும் மரத்தூளாலும் மூடி மறைக்க அவர் முயலவில்லை. வெடிப்பின் குறுக்கே, இரு தலை அகன்று இடை சிறுத்த ஒரு சிறு கட்டையைப் பதித்தார். மேலை நாட்டார் அதை வண்ணத்துப்பூச்சி என்பர். தமிழ்க் கண்ணுக்கு அது உடுக்கை. பலகையில் அதே வடிவில் பள்ளம் வெட்டி இறுக அடித்தால், அகன்ற தலைகள் இருபுறத்தையும் பற்றிக்கொள்ளும். பிளவு மேலும் ஓடாது. பெரும்பாலும் வேறு நிற மரத்தில் அதைப் பதித்தார். வெடிப்பும் தெரியும், அதைப் பிடித்து நிறுத்திய கையும் தெரியும். பலகையின் ஓரத்தையும் நேர்கோட்டில் அறுக்காமல், மரம் வளர்ந்த வளைவோடே விட்டார்.

இது முறை தெரியாத வேலை அன்று. எந்த வெடிப்பு அழகு, எந்த வெடிப்பு ஆபத்து என்று அறிய மரத்தின் வைரமும் வெள்ளையும் தெரிய வேண்டும். அறுத்த பலகையை ஆண்டுக் கணக்கில் உலர்த்தும் பொறுமை வேண்டும். மரத்தை அறுக்கும் இடத்துக்குத் தாமே சென்று, வாள் எந்தக் கோணத்தில் இறங்க வேண்டும் என்று பார்த்து நிற்பது அவர் வழக்கம். விருத்தகிரீசுவரர் கோயிலின் ஐந்து தேர்களைக் கண்ட ஊருக்கு இது புதுமையாகத் தோன்றாது. இலுப்பை மரத்தைத் தேர்ந்தெடுப்பது முதல் சக்கரம் வீதியில் உருள்வது வரை தேர்த்தச்சரின் கண் விலகுவதில்லை.

1964இல் அவர் மீண்டும் இந்தியா வந்தார். அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் மரச்சாமான்களை வடிவமைத்தார். 1981இல் மரத்தின் ஆன்மாவைத் தலைப்பாகக் கொண்ட தம் நூலை வெளியிட்டார். முதுமையில் அவரைப் பற்றிய ஆவல் வேறொன்று. ஒரு பெரிய அக்ரூட் மரத்தின் அடித்துண்டு கிடைத்தபோது, உலகின் ஒவ்வொரு கண்டத்துக்கும் ஓர் அமைதி மேசை செய்ய வேண்டும் என்று எண்ணினார். முதலாவது 1986இல் நியூயார்க் நகரப் பேராலயம் ஒன்றில் இடம்பெற்றது. 1990இல் அவர் மறைந்தார். முகாமுக்குக் கைக்குழந்தையாகச் சென்ற மீரா பட்டறையின் பொறுப்பை ஏற்றார்.

ஆசியாவுக்கான மேசை 1996இல் ஆரோவில் வந்து சேர்ந்தது. தேக்குக் கதவுகளுக்காகச் சுந்தரானந்தர் நின்ற இடத்திலிருந்து அது சில கிலோமீட்டர் வடக்கே உள்ளது. அதன் ஓரத்தை எவரும் நேராக்கவில்லை.