கண்ணுக்குத் தெரியாத புகை
(பரிசளிப்பு விழாவில் பெற்றோர்களுக்கு ஆற்றிய உரை)

 

பிள்ளைகள் பரிசு வாங்கி மகிழும் நாளில் சிகரெட்டைப் பற்றியா பேசுவது என்று சிலர் நினைக்கலாம். இருமலும் மூச்சிரைப்பும் வந்து அடிக்கடி பள்ளிக்கு வர முடியாத பிள்ளை, பரிசு மேடைக்கு எப்படி வரும்? சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும். ஆகவே இன்று சுவரைப் பற்றியே பேசுகிறேன்.

அப்பாமார்கள் பலர் எங்களிடம் சொல்வது இதுதான்: “டீச்சர், பிள்ளைங்க முன்னால நான் பிடிக்கிறதே இல்ல. அதுங்க ஸ்கூலுக்குப் போன பிறகு ஹால்ல உட்கார்ந்து ஒண்ணு பிடிப்பேன். காத்தாடியைப் போட்டா எல்லாம் போயிடும்.” பிள்ளைமேல் உள்ள அக்கறையால்தான் அப்படிச் செய்கிறார்கள். ஆனால் எல்லாம் போய்விடுவதில்லை. பயிற்சிப் புத்தகங்களைத் திருத்தும் ஆசிரியர்களைக் கேட்டுப் பாருங்கள். சில புத்தகங்களைத் திறந்தாலே சிகரெட் வாடை அடிக்கும். அந்தப் பிள்ளை சிகரெட்டைத் தொட்டதே இல்லை. வீட்டில் படிந்தது பள்ளிக்கூடம் வரை வந்திருக்கிறது.

பிடிப்பவர் உள்ளே இழுப்பது முதல் புகை. பக்கத்தில் இருப்பவர் சுவாசிப்பது இரண்டாவது. புகை கலைந்த பிறகும் சுவர், திரைச்சீலை, மெத்தை, துணிமணி, தூசி இவற்றில் ஒட்டிக்கொண்டு கிடப்பதை மூன்றாம் நிலைப் புகை என்கிறார்கள். 2009ஆம் ஆண்டு பாஸ்டன் நகரக் குழந்தை மருத்துவர் ஒருவரும் அவர் குழுவினரும் எழுதிய ஆய்வுக் கட்டுரைக்குப் பிறகே இப்பெயர் உலகெங்கும் பரவிற்று. இந்தப் படிவு பிள்ளைகளுக்குக் கெடுதல் என்பதைப் புகை பிடிக்காதவர்களில் 65 விழுக்காட்டினர் ஒப்புக்கொண்டனர். பிடிப்பவர்களிலோ 43 விழுக்காட்டினர்தான். கெடுதல் என்று நம்பியவர்களின் வீடுகளில்தான் ‘வீட்டுக்குள் பிடிக்கக் கூடாது’ என்ற கட்டுப்பாடும் கூடுதலாக இருந்தது. தெரிந்துகொள்வதே பாதி மருந்து என்பது இதனால் விளங்குகிறது.

2010ஆம் ஆண்டு கலிபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தினர் இன்னொன்றைக் கண்டறிந்தனர். படிந்துள்ள நிகோட்டின், வீட்டுக் காற்றிலுள்ள நைட்ரஸ் அமிலத்தோடு சேர்ந்து புற்றுநோய் உண்டாக்கக்கூடிய பொருள்களாக மாறுகிறதாம். சான் டியாகோ நகரில் புகை பிடித்தவர்கள் காலி செய்த வீடுகளையும் ஆராய்ந்தார்கள். சுத்தம் செய்து, ஏறக்குறைய இரண்டு மாதம் ஆளில்லாமல் கிடந்தும், தூசியிலும் சுவரிலும் நிகோட்டின் இருந்தது. அங்கே புதிதாகக் குடிவந்த, புகை பிடிக்காதவர்களின் விரல்களிலும் இருந்தது!

பெரியவர்கள் நாற்காலியில் உட்காருகிறோம். குழந்தையோ தரையில் தவழ்கிறது, சோபாவைப் பிடித்து நிற்கிறது, அதே கையை வாயில் வைக்கிறது. அதன் எடைக்கு நம்மைவிட அதிகக் காற்றைச் சுவாசிக்கிறது. படிவினால் எவ்வளவு தீங்கு என்பதை ஆய்வாளர்கள் இன்னும் அளந்து வருகிறார்கள். அளந்து முடியட்டும் என்று நம் பிள்ளைகள் காத்திருக்க வேண்டுமா?

நாம் செய்ய வேண்டியவை அதிகமில்லை. முதலாவது, வீட்டுக்குள்ளும் காடிக்குள்ளும் எந்நேரமும் புகை வேண்டாம், பிள்ளை இல்லாத நேரத்திலும் வேண்டாம். இரண்டாவது, வெளியே பிடித்துவிட்டு வந்தால் சட்டையை மாற்றி, கை முகம் கழுவிவிட்டுப் பிள்ளையைத் தூக்குங்கள். துக்க வீட்டுக்குப் போய்வந்தால் குளிக்காமல் உள்ளே வருகிறோமா? அதே பழக்கம்தான். மூன்றாவது, சாம்பிராணியும் வாசனைத் திரவமும் வாடையை மறைக்குமே தவிர, படிவை எடுக்காது. ஈரத் துணியால் துடையுங்கள், திரைச்சீலை, தலையணை உறைகளைத் துவையுங்கள்.

“மாமாகிட்ட யாருங்க டீச்சர் சொல்றது?” என்று தாய்மார்கள் கேட்பது எனக்குத் தெரியும். பெரியவரிடம் குற்றம் சொல்ல வேண்டாம். “பேரப்பிள்ளைக்கு இரைப்பு வருதுங்க மாமா, கொஞ்சம் கை கழுவிட்டுத் தூக்குங்க” என்று சொல்லிப் பாருங்கள். பேரப்பிள்ளைக்காக எதையும் விடக்கூடியவர்கள் நம் தாத்தாக்கள்.

நம் நாட்டில் 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து உணவகங்களில் புகை பிடிக்கத் தடை. 2024 அக்டோபர் முதல் தேதி புதிய சட்டமும் நடைமுறைக்கு வந்தது. ஆனால் அதிகாரி வந்து நம் ஹாலை எட்டிப் பார்க்கப் போவதில்லை. நம் வீட்டுக்கு நாமே சட்டம். அடியோடு விட நினைப்பவர்களுக்கு அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குகளில் உதவி உண்டு. வெட்கப்படாமல் போய்க் கேளுங்கள். முழுத் தீர்வு அதுதான்.

இன்று பரிசோடு வீடு திரும்பும் பிள்ளையை அப்பா வாரி அணைக்கும்போது, அந்தச் சட்டை சுத்தமாக இருக்கட்டும்.