பழைய வண்டி வாங்கும் முன்பு...
(தீர்த்தமலை குழுக் கூட்டத்தில் பேசியது)

குழுவில் கடன் எடுத்து, மகனுக்குப் பழைய பைக் வாங்கித் தர்றோம். சாவி கைக்கு வந்துட்டா வண்டி நம்மளது ஆயிடாது. ஆர்.சி. புக்கில் பேரு இருக்கிற ஆளை நேரில் பாருங்க. என்ஜின், சேசிஸ் நம்பரை ஒத்துப் பாருங்க. ஃபைனான்ஸ் கடன் பதிவாகியிருந்தா, கடன் தீர்ந்ததுக்குப் படிவம் 35 கேளுங்க. படிவம் 29, 30-ல் கையெழுத்து வாங்கி, 30 நாளைக்குள்ள ஆர்.டி.ஓ. ஆபீசில் பேர் மாத்த எழுதிக் கொடுக்கணும்.

விற்கிறவங்களும் சும்மா இருக்கக் கூடாது. பேர் மாத்தாமலே கை மாறிப் போன கார் விபத்து வழக்கில், பதிவில் பேர் உள்ளவரே நஷ்டஈடு தரணும்னு 2018-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொல்லியிருக்கு.

பேப்பர் சரியாகாம முழுப் பணமும் கொடுக்காதீங்க. அது நம்ம எல்லாரோட சேமிப்பு.