உரிமம் கையில், வேலை எங்கே? – இளம் விமானிகளுக்குச் சில சொற்கள்



ஆசிரியர் பணி, அரசுத் தேர்வு, வங்கி வேலை ஆகியவை பற்றி இம்மேடையில் பலரும் பேசிவிட்டனர். புதியதொரு துறை பற்றிப் பேசுங்கள் என்று செயலாளர் பணித்தார். என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர் வணிக விமானி உரிமம் பெற்று, இரண்டாண்டுகளாக முதல் வேலையைத் தேடி வருகின்றார். அவர் பொருட்டு விதிநூல்களைப் படித்தேன். துறையில் உள்ளவர்கள் சிலரிடம் கேட்டறிந்தேன். அவ்வாறு அறிந்தவற்றையே இங்குக் கூற விழைகின்றேன்.

உரிமம் பெறுவது எப்படி என்று சொல்வார் பலர். விளம்பரப் பலகைகளே சொல்லும். உரிமம் பெற்ற மறுநாள் என்ன செய்வது என்பதைச் சொல்வார்தாம் அரியர்.

இந்தியாவில் வணிக விமானி உரிமத்திற்கு 200 மணி நேரப் பறப்பு வேண்டும். அதில் 100 மணி நேரம் விமானத்தின் முழுப் பொறுப்பையும் தாமே ஏற்றுப் பறந்திருக்க வேண்டும். அந்த நூற்றில் 50 மணி ஊர்விட்டு ஊர் செல்லும் நெடும்பறப்பாக இருத்தல் வேண்டும். 300 கடல் மைல், அதாவது ஏறத்தாழ 555 கிலோமீட்டர், ஒரே பயணமாகச் சென்று இடையில் இரு வேறு நிலையங்களில் இறங்கிக் காட்டுதலும் விதி. இவற்றோடு வான்வழி காணல், வானிலை, வான்போக்குவரத்து விதிகள், விமானப் பொறிநுட்பம் ஆகிய தேர்வுகளில் நூற்றுக்கு எழுபது பெற வேண்டும். இத்தனையும் முடிக்க இன்று அரைக் கோடி ரூபாயை நெருங்கும் செலவாகின்றது.

இவ்வளவும் செய்து முடித்தவரைத் துறையினர் எவ்வாறு அழைக்கின்றனர் தெரியுமா? 'குறைந்த மணி விமானி' என்று! பெருவிமானத்தின் தலைமை விமானியாவதற்குரிய மேல்நிலை உரிமத்திற்கு 1,500 மணி வேண்டும். இருநூறுக்கும் ஆயிரத்து ஐந்நூறுக்கும் இடையே உள்ள பள்ளத்தில்தான் நம் பிள்ளைகள் நிற்கின்றனர். வேலை கிடைத்தால்தான் மணி சேரும். மணி சேர்ந்தால்தான் வேலை கிடைக்கும்.

பெரிய நிறுவனங்கள் 200 மணி உடையோரையும் எடுப்பதுண்டு. ஆனால் அவை ஆள் எடுக்கும் காலமும் உண்டு, கதவடைக்கும் காலமும் உண்டு. கிங்ஃபிஷர் 2012-இல் நின்றது. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில் நின்றது. கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதத்தில் நின்றது. ஒவ்வொரு முறையும் ஆயிரக்கணக்கான மணி பறந்தவர்கள் வேலை தேடி வெளியே வந்தனர். அவர்களோடு ஒரே வரிசையில் நின்றவன் இருநூறு மணிப் பிள்ளை.

ஆகவே பலரும் நாடுவது வாடகை விமானத் தொழிலை. கால அட்டவணையின்றி, கேட்பவர் கேட்ட நாளில் கேட்ட ஊருக்குப் பறக்கும் தொழில் இது. ஆங்கிலத்தில் சார்ட்டர் என்பர். தொழிலதிபர், தேர்தல் காலத்துத் தலைவர், அவசர சிகிச்சைக்குக் கொண்டு செல்லப்படும் நோயாளி ஆகியோரே இதன் பயணிகள். கிங் ஏர், செஸ்னா கேரவன், பிலாட்டஸ் போன்ற சிறு விமானங்கள் இதில் மிகுதி. மும்பையும் டெல்லியும் இதன் பெருந்தலங்கள். நமக்கு அருகே, பெங்களூரின் பழைய எச்.ஏ.எல். விமான நிலையமும் ஐதராபாத்தின் பேகம்பேட்டையும், 2008-இல் புதிய நிலையங்கள் திறந்தபின், இத்தகைய விமானங்களுக்குப் பயன்படுகின்றன.

இந்நிறுவனங்கள் சிறியவை. இரண்டு மூன்று விமானங்களே உடையவை பல. அவற்றின் முதலாளி புதியவனை ஏற்கத் தயங்குவதற்குக் காரணங்கள் உண்டு. குறிப்பிட்ட வகை விமானத்தை ஓட்டத் தனிப் பயிற்சி வேண்டும். டைப் ரேட்டிங் எனும் அதற்குப் பல லட்சம் செலவு. அதைச் செலவிட்டுப் பயிற்றுவித்த பிள்ளை ஐந்நூறு மணி சேர்ந்ததும் பெரிய நிறுவனத்திற்குப் பறந்துவிடுவான் என்பது அவருடைய அச்சம். காப்பீட்டு நிறுவனமும், இத்தனை மணிக்குக் குறைந்தவர் ஓட்டினால் பொறுப்பேற்கமாட்டோம் என்று நிபந்தனை விதிக்கும். இதை அறியாமல், 'என்னை மறுத்துவிட்டார்களே' என்று மனம் புழுங்குவதில் பயனில்லை.

துணை விமானி என்ற இருக்கையே புதியவருக்குரிய வாயில். அந்த இருக்கை காலியாகும் செய்தி நாளிதழில் வருவது அரிது. உள்ளே இருப்பவர் வாய்மொழியாகத்தான் பரவுகின்றது. இங்கேதான் நமக்கு இடர். மற்றவன் பிள்ளைக்கு மாமன் விமானியாக இருப்பான், சிற்றப்பன் விமானப் பொறியாளராக இருப்பான். நம் பிள்ளைக்கு யார் இருக்கின்றார்? ஆகவே அறிமுகங்களை அவனே ஈட்ட வேண்டும். பயிற்சிப் பள்ளியின் ஆசிரியர், உடன் பயின்றோர், விமானம் பழுது பார்ப்போர் ஆகிய இவர்களே அவனுடைய மாமனும் சிற்றப்பனும். தொடர்பு அறாமல் வைத்துக்கொள்ள வேண்டும்.

வடக்கு ஆஸ்திரேலியாவின் டார்வின், குனுனுரா ஆகிய ஊர்களிலும், ஆப்பிரிக்காவில் போட்ஸ்வானாவின் மவுன் என்ற ஊரிலும், புதிய விமானிகள் மூட்டை முடிச்சோடு நேரில் போய்த் தங்கி, கதவு கதவாகத் தட்டி, ஆறு இருக்கைச் செஸ்னா விமானங்களில் முதல் வேலை பெறுவது வழக்கம். நம் நாட்டில் விமானக் கொட்டகைக்குள் அனுமதிச் சீட்டின்றி நுழைய இயலாது. எனினும் நிறுவனங்களுக்கு நகரில் அலுவலகங்கள் உண்டு. ஒரே பக்கத்தில் தன் விவரத்தை எழுதி, மொத்த மணி, தனிப்பொறுப்பு மணி, இரட்டை எஞ்சின் மணி, உரிமமும் மருத்துவச் சான்றும் செல்லும் நாள் ஆகியவற்றை முதல் வரிகளிலேயே காட்டி, தலைமை விமானியை நேரில் காண வேண்டும். என் மாணவர் முதலில் ஆறு பக்கம் எழுதியிருந்தார். பள்ளியில் வாங்கிய பேச்சுப் போட்டிப் பரிசும் அதில் இருந்தது! நான்தான் சிவப்பு மையால் அடித்தேன். பழக்க தோஷம்.

பறக்கும் வேலை உடனே இல்லையெனில் அதே நிறுவனத்தின் இயக்க அலுவலகத்தில், பறப்புத் திட்டம் தயாரிக்கும் பணியில், அமர்வதை இழிவாகக் கருத வேண்டாம். அங்கிருந்து துணை விமானி இருக்கைக்குச் சென்றோர் உண்டு. பயிற்றுநர் தகுதி பெற்றுப் பள்ளியிலேயே கற்பிப்பதும் மணி சேர்க்கும் நேர்வழி. ஆசிரியத் தொழிலை நான் புகழ்வதில் வியப்பில்லை. ஆனால் பிறர்க்குக் கற்பிக்கும்போதுதான் தானும் செவ்வனே கற்கின்றான் என்பதை விமானிகளே என்னிடம் ஒப்புக்கொண்டனர்.

வேலையற்ற காலத்திலும் செலவு நிற்பதில்லை. முதல் வகுப்பு மருத்துவச் சான்று இளைஞர்க்கு ஓராண்டே செல்லும். கருவிகளை நோக்கிப் பறக்கும் தகுதியையும் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். எனவே பயிற்சிக்குக் கடன் வாங்கும்போதே, பயிற்சிக்குப் பின் இரண்டாண்டுகளுக்கு வேண்டிய தொகையையும் கணக்கில் சேருங்கள்.

பெற்றோர்களே, இங்கு உங்களிடம் அழுத்திக் கூற வேண்டியது ஒன்று உண்டு. நிலத்தை விற்பதற்கு முன், வீட்டை அடகு வைப்பதற்கு முன், முதலில் பிள்ளைக்கு அங்கீகரிக்கப்பட்ட மருத்துவரிடம் விமானிக்குரிய மருத்துவத் தேர்வை முடித்துவிடுங்கள். நிறக்குருடு போன்ற குறை இருப்பின் பெருந்தொகை கட்டுமுன் தெரிந்துவிடும். அடுத்து, பட்டியல் சாதி மாணவர்க்கான மத்திய அரசின் மேற்படிப்பு உதவித்தொகைத் திட்டத்தில் வணிக விமானி உரிமப் பயிற்சியும் இடம்பெற்றுள்ளது என்பது நம்மவர் பலருக்குத் தெரியாது. 2021-இல் திருத்திய நெறிமுறைகளின்படி பெற்றோரின் ஆண்டு வருமான வரம்பு 2.5 லட்சம் ரூபாய். முழுச் செலவையும் அது சுமக்கும் என எண்ணிவிட வேண்டாம். எந்தப் பள்ளிக்கு, எவ்வளவு என்பதை மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டுப் பெற்றபின் சேருங்கள். தாட்கோ அலுவலகத்திலும் கடன் குறித்து விசாரியுங்கள்.

'பணம் கொடு, இருக்கை வாங்கித் தருகின்றேன்' என்னும் தரகர்கள் இத்துறையில் மலிந்துள்ளனர். என் மாணவரிடமும் ஒருவர் மூன்று லட்சம் கேட்டார், கொடுக்கவில்லை, நல்லவேளை. மூலச் சான்றிதழ்களை எவரிடமும் ஒப்படைக்காதீர்கள். நிறுவனம் ஒப்பந்தப் பத்திரம் கேட்பின், எத்தனை ஆண்டு, எவ்வளவு தொகை, ஆண்டுதோறும் அத்தொகை குறையுமா, நிறுவனமே மூடிவிட்டால் என்ன ஆகும் என்ற நான்கையும் படித்தபின் கையெழுத்திடுங்கள். தேதியிடாத காசோலை கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

பறக்காத மணியைப் பறந்ததாக எழுதுவது அதனினும் கொடிது. 2011-இல் போலி மதிப்பெண் சான்று காட்டி உரிமம் பெற்ற விமானிகள் கைதானதை நாடறியும். பொய்யாக எழுதிய ஐம்பது மணி, மழை இரவில் ஓடுபாதை தெரியாத வேளையில் கைகொடுக்காது. பின்னால் அமர்ந்திருக்கும் நோயாளிக்கு அது தெரியவும் தெரியாது.

மணி இருந்தும் மறுக்கப்பட்டோர் உண்டு என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. அமெரிக்கக் கறுப்பின விமானி மார்லன் கிரீன், 1957-இல் கான்டினென்டல் நிறுவனத்திற்கு விண்ணப்பித்தபோது 'இனம்' என்ற கட்டத்தை வெறுமையாக விட்டார். மூவாயிரம் மணிக்கு மேல் பறந்தவர் அவர். அவரினும் குறைந்த அனுபவமுள்ள வெள்ளையர் வேலை பெற்றனர், அவர் பெறவில்லை. வழக்காடினார். 1963-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அவர் பக்கம் தீர்ப்பளித்தது. 1965-இல் பணியில் சேர்ந்தார். நம் நாட்டின் பிரேம் மாத்தூர் அம்மையார், பெண் என்பதால் பல நிறுவனங்கள் மறுத்தபின், ஐதராபாத்தின் டெக்கான் ஏர்வேஸில் துணை விமானியானார். பின்னர்த் தொழிலதிபர் ஜி.டி. பிர்லாவின் சொந்த விமானத்தை ஓட்டினார். 1953-இல் இந்தியன் ஏர்லைன்ஸ் அவரை ஏற்றது. மறுக்கப்படின் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். விண்ணப்பத்தின் நகலையும், வந்த விடையையும் நாள் குறித்துக் கோப்பில் வையுங்கள். 

என் மாணவர் இப்போது ஒரு பயிற்சிப் பள்ளியில் பயிற்றுநர் தகுதிக்குப் பறந்து வருகின்றார். 240 மணி ஆகியுள்ளது. வாடகை நிறுவனம் ஒன்றின் தலைமை விமானி, ஐந்நூறு ஆனதும் வந்து பார் என்று சொல்லியிருக்கின்றார். இங்கு வந்துள்ள மாணவர்களில் இத்துறையை நாடுவோர் தம் பெயரைச் செயலாளரிடம் கொடுத்தால், அவரோடு பேச ஏற்பாடு செய்கின்றேன். இனி உங்கள் ஐயங்களைக் கேளுங்கள்.